முதலாளி இல்லாத ஊருக்குப் புதியவர்கள்



2025 செப்டம்பர் மாதக் கடைசியில் நம் இளையோர் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவராக 'அரட்டை' செயலியைத் தங்கள் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார்கள். சோகோ நிறுவனம் 2021-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட செயலிதான் அது. ஆனால் நாளொன்றுக்கு 3,000 பேராக இருந்த புதுவரவு மூன்றே நாளில் 3,50,000 ஆக உயர்ந்தது என்று, அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்போது தெரிவித்தார். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு செயலிக்கு நாடு முழுவதும் கிடைத்த வரவேற்பு நமக்குப் பெருமையாகவே இருந்தது. பெற்றோர் மட்டும், "இன்னொன்றா?" என்று பெருமூச்சு விட்டார்கள்.

அந்தப் பரபரப்பில் அவர் சொன்ன வேறொரு கருத்தைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். மின்னஞ்சலைப் போல, யு.பி.ஐ. பணப்பரிமாற்றத்தைப் போல, செய்திப் பரிமாற்றமும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும். வாட்ஸ்அப்பைப் போலச் சுவர் எழுப்பி மூடிக்கொள்ளக் கூடாது என்பதே அக்கருத்து. இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த எண்ணம் அல்ல. உலகின் பல மூலைகளிலும் சிறு சிறு குழுக்கள் இதைச் செய்து காட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்திற்குப் புதிதாகப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அங்கே முன்பே இருக்கிறவர்கள் அவர்களை எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையே இன்று நாம் சற்றே சிந்திக்க இருக்கிறோம்.

முதலில் இந்த 'மூடிய சுவர்' என்றால் என்ன? நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஆர்குட் நினைவிருக்கும். கல்லூரி நண்பர்களைத் தேடிப் பிடித்து மகிழ்ந்தோம். 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் அதைக் கூகுள் மூடிவிட்டது. அதே நிறுவனத்தின் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பெங்களூரில் 2020-இல் தொடங்கப்பட்ட 'கூ', தமிழ் உள்பட நம் மொழிகளிலேயே எழுதலாம் என்று அழைத்தது. 2021-இல் மத்திய அமைச்சர்கள் சிலரே அங்கே குடியேறினார்கள். 2024 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் இலட்சக்கணக்கானோர் எழுதியவையும், சேர்த்துவைத்த உறவுகளும் ஒரு நிறுவனத்தின் முடிவால் போயின. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் சொன்னதும் காலி செய்வதைப் போலத்தான். வாடகை வீட்டிலாவது பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு போகலாம்!

இதற்கு மாற்றாக எழுந்ததுதான் பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். பி.எஸ்.என்.எல். எண்ணிலிருந்து ஜியோ எண்ணுக்கு நாம் பேசுகிறோம் அல்லவா? இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனாலும் மணி அடிக்கிறது. பேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸ் தளத்தில் இருப்பவரோடு அப்படிப் பேச முடியாது. அந்தச் சுவரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ராக்கோ. 2016-இல் அவர் வெளியிட்ட மென்பொருளின் பெயர் மாஸ்டடான். விருப்பமுள்ள எவரும் அதை எடுத்துத் தம் கணினியில் நிறுவி, ஐம்பது பேருக்கோ ஐம்பதாயிரம் பேருக்கோ ஒரு சர்வர் நடத்தலாம். இத்தகைய ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை பேசும் பொது மொழிக்கு 'ஆக்டிவிட்டிபப்' என்று பெயர். 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதை ஏற்றுக்கொண்டது. இவை அனைத்தையும் சேர்த்து 'ஃபெடிவெர்ஸ்' என்கிறார்கள்.

அங்கே ஒருவருடைய முகவரியில் அவருடைய பெயரும் அவர் இருக்கும் சர்வரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். நம் பகுதியில் 'ஆரணி சின்னப்பன்', 'செங்கம் மரியம்மாள்' என்று ஊரைச் சேர்த்துச் சொல்வதில்லையா, அதைப் போல. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஆனாலும் போக்குவரத்து உண்டு. எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு முதலாளி மட்டும் இல்லை.

இந்த ஊருக்கு இந்தியர்கள் கூட்டமாகப் போனது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை அதற்கு முந்தைய மாதக் கடைசியில் ட்விட்டர் நிறுவனம் முடக்கியது. அவர் தம் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தது 1936-இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஒரு படம். சுற்றிலும் எல்லோரும் நாஜி வணக்கம் செய்ய, ஒரே ஒரு மனிதர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்று அடையாளம் சொல்லப்படும் அம்மனிதரின் எதிர்ப்பைப் போற்றும் படம், வெறுப்பைப் பரப்பும் படமாகக் கருதப்பட்டது! கணக்கு திரும்பக் கிடைத்தது. பின்னர், கோரக் பாண்டே என்ற இந்திக் கவிஞரின் மரணதண்டனை குறித்த கவிதை ஒன்றை எப்போதோ பகிர்ந்ததற்காக மீண்டும் முடக்கப்பட்டது. அதே நாள்களில், ட்விட்டரில் சாதி பார்க்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது. கோபமுற்ற ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போனார்கள்.

போனவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், பழைய வீட்டின் பழக்கங்களைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டே போனார்கள். நீல நிற அடையாளக் குறி எங்கே, யார் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறார்கள், இன்றைக்கு யாரைக் கண்டித்துக் கூட்டமாக எழுதலாம் என்பதே முதல் நாள் பேச்சாக இருந்தது. பழைய இடத்தில் நின்றுபோன சண்டையைப் புது இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களும் உண்டு. முன்பே இருந்தவர்கள் திகைத்தார்கள். சில வாரங்களில் பலர் பழைய இடத்திற்கே திரும்பிவிட்டார்கள்.

மூன்றாண்டு கழித்து உலக அளவில் இதுவே நடந்தது. 2022 அக்டோபர் 27-ஆம் நாள் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்கு மாறியது. மாதந்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3 இலட்சம் பேராக இருந்த நிலை மாறி, ஏறத்தாழ ஒரே மாதத்தில் 25 இலட்சமானார்கள். திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமி இரவில், தீபத் திருநாளில், நம் ஊர் எப்படி ஆகிறது? பதினான்கு கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில் நடக்கிறார்கள். பெரும்பாலோர் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போகிறார்கள். சிலர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்துகிறார்கள்; குடித்த குவளையை அங்கேயே போடுகிறார்கள். ஊர்க்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதே ஊர்க்காரர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் அறை வாடகையை ஏற்றுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இணைய உலகில் இது மிகப் பழைய பிரச்சினை. 'யூஸ்நெட்' என்ற உரையாடல் வலைக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் வருவார்கள். ஓரிரு மாதம் தொல்லை கொடுப்பார்கள். பிறகு அங்குள்ள பண்பாட்டைக் கற்றுக்கொள்வார்கள். 1993 முதல் வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை ஓயாமல் உள்ளே அனுப்பத் தொடங்கின. கற்றுக்கொடுக்க நேரமே இல்லாமல் போயிற்று. அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அப்படியானால் புதியவர் கற்க வேண்டியது என்ன?

போனவுடன் பேசத் தொடங்காமல் சில நாள் கேட்டுக்கொண்டிருப்பது முதல் மரியாதை. சர்வரின் முகப்பிலேயே அவ்விடத்து விதிகள் எழுதப்பட்டிருக்கும்; அவற்றைப் படித்த பிறகே சேர வேண்டும். பிறகு தம்மைப் பற்றிச் சிறு அறிமுகம். மாஸ்டடானில் இதற்கென்றே ஒரு ஹேஷ்டேக் வழக்கத்தில் இருக்கிறது. பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு பிறர் கதவைத் தட்டினால் அங்கே பலர் திறப்பதில்லை. பொய்க் கணக்கோ என்று ஐயுறுவார்கள். நம் ஊரிலும் புதிதாக வந்தவரை, "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். பாசமான கேள்விதான். ஆனால் அக்கேள்வியின் அடியில் எந்தச் சாதி என்ற கேள்வி எத்தனை முறை ஒளிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. அங்கே எதிர்பார்க்கப்படுவது அவ்வகை அறிமுகம் அல்ல. தோட்டக்கலை பிடிக்கும், பழைய நாணயம் சேர்ப்பேன், செவிலியராக இருக்கிறேன் என்பதே போதும். உண்மைப் பெயர்கூடக் கட்டாயமில்லை.

படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஊரின் மிக அழகான வழக்கம் என்று நான் கருதுவது இதையே. அங்கே ஒரு படத்தை இடும்போது, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிச் சேர்ப்பார்கள். பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் மூலமே பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசிக்கும். பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கிறது. விளக்கம் இல்லாத படம் வந்தால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நாம் திருவிழா அழைப்பிதழைப் படமாக அனுப்புகிறோம். இரங்கல் செய்தியைப் படமாக அனுப்புகிறோம். அடக்க நேரம் அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறது. பார்வையற்ற ஒருவருக்கு அது வெறும் 'படம்'. யார் இறந்தார், எப்போது அடக்கம் என்று அவர் இன்னொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில், முன்பின் தெரியாத ஒருவருக்காக அந்த இரண்டு வரியை எழுதும் பழக்கத்தை ஒரு சமூகமே வளர்த்துக்கொண்டிருக்கிறது. எழுத மறந்த புதியவருக்குத் தாமே எழுதிக்கொடுத்து உதவுகிறவர்களும் அங்கே உண்டு. இதைக் கற்றுக்கொள்ள மாஸ்டடானில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. நம் பங்கு வாட்ஸ்அப் குழுவிலேயே இன்று தொடங்கலாம்.

முன்னெச்சரிக்கைக் குறிப்பு என்பது இன்னொரு வழக்கம். விபத்துக் காட்சி, வன்முறை, தற்கொலை போன்றவற்றை எழுதும்போது மேலே ஒரு வரித் தலைப்பை மட்டும் காட்டி உள்ளடக்கத்தை மூடிவைப்பார்கள். விரும்பியவர் தொட்டால் திறக்கும். விபத்தில் சிதைந்த உடலின் படம், காலையில் கண்விழித்ததும் எந்த மறைப்பும் இல்லாமல் நம் கைப்பேசியில் வந்து விழும் பழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். இறந்தவரின் தாயும் அதே குழுவில் இருக்கக்கூடும் என்று அனுப்புகிறவர் எண்ணுவதில்லை.

இனிச் சொல்லப்போவது நம் மாவட்டத்தின் கதை.

மாஸ்டடானில் எதை நமக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கீடு, மற்ற தளங்களில் இருப்பதைப் போல, முகப்புப் பக்கத்தை ஆள்வதில்லை. நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் எழுதியது நேர வரிசையில் வருகிறது. ஒரு பதிவுக்கு நட்சத்திரம் போட்டால் அது எழுதியவருக்குத் தெரியும், அதனால் பதிவு பரவாது. ஒரு மனிதர் படித்து, இதை மற்றவரும் பார்க்கட்டும் என்று தம் கையால் பகிர்ந்தால்தான் அது அடுத்த ஊருக்குப் போகும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் மறுபக்கம் என்ன? பரவாமல் தடுக்கவும் அந்த மனிதரைத் தவிர வேறு எவருமில்லை.

2018 மே 9-ஆம் நாள் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்குச் செல்லக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்தியபோது, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் கும்பலாக வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி அந்த நாள்களில் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் வாட்ஸ்அப் வழியே சுற்றிக்கொண்டிருந்தது. ஐயம் எழுந்தது, கைப்பேசியில் அடுத்த ஊருக்குத் தகவல் போயிற்று, கூட்டம் கூடியது. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அவர்கள் செய்த குற்றம், ஊருக்குப் புதியவர்களாக இருந்ததும் குழந்தைகளிடம் அன்பாக இருந்ததும்தான்.

அந்த ஆண்டு நாட்டின் பல மாநிலங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. நம் விரல் தானாக நிற்கவில்லை. கலிபோர்னியாவில் இருந்த ஒரு நிறுவனம் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

முதலாளி இல்லாத ஊருக்குப் போகும்போது அந்தக் கையும் இல்லை. அங்கே மரியாதை என்பது வீட்டுக்குப் பூசும் வண்ணம் அன்று. அதுவே வண்டியின் பிரேக். அறியாத செய்தியைப் பகிர்வதற்கு முன் யார் சொன்னது, எப்போது நடந்தது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லையென்றால், எந்தப் புதுச் செயலிக்குப் போனாலும் அத்திமூர் நம்மோடு வரும். 2023 மே மாதத்தில் வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை சமூக ஊடகங்களைப் பற்றி வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை ஏடு, நல்ல சமாரியர் உவமையை மையமாக வைத்தது தற்செயலானதல்ல. வழியில் விழுந்துகிடந்தவரும் சமாரியரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்.

இடையில் நம் பங்குகளின் ஊடகக் குழுக்களுக்கும் ஒரு சொல். ஒரே அறிவிப்பைத் தானியங்கியாக நான்கு தளங்களிலும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது அந்த ஊரில் விரும்பப்படுவதில்லை. திருப்பலி நேரம் என்ன என்று ஒருவர் கேட்டு மூன்று வாரம் பதில் இல்லையென்றால் அந்தக் கணக்கு எதற்கு? ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விட்டதைப் போல இருக்கிறது. அடுத்து ஓர் எச்சரிக்கை. மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் எழுதும் தனிச்செய்தி பூட்டப்பட்டதல்ல. சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும். மனச்சுமைகளையும் குடும்ப இரகசியங்களையும் அதில் எழுத வேண்டாம்.

சர்வரை நடத்துகிறவர் என்றேன். அவர் யார்? பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து, வந்த புகார்களைப் படித்து, வசைகளை நீக்கி, மாதக் கட்டணத்தைத் தம் பையிலிருந்தோ நன்கொடையிலிருந்தோ கட்டுகிற ஒரு தன்னார்வலர். 2023 பிப்ரவரியில், சுமார் 12,000 பேர் இருந்த 'மாஸ்டடான்.லால்' என்ற சர்வரை நடத்தியவர் அதை மூடப்போவதாக அறிவித்தார். ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய சண்டை அங்கே முற்றி, வெறுப்பெல்லாம் அவர் தலையில் வந்து விழுந்ததுதான் காரணம். பணம் வாங்காமல் வீடு கொடுத்தவரை, வீட்டில் இருந்தவர்களும் வெளியிலிருந்து கல்லெறிந்தவர்களும் சேர்ந்து சோர்வடையச் செய்துவிட்டார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 'திதகே' என்ற தொன்மையான ஏடு. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த இந்த நூல் பல நூற்றாண்டுகள் காணாமற்போய், 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. தொடக்கக் காலக் கிறிஸ்தவக் குழுக்களும் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக்கிடந்தவை. இடையே ஓயாமல் பயணிகள் வந்துபோனார்கள். வந்தவரை எப்படி ஏற்பது என்பதற்கு இந்நூலில் மிக நடைமுறையான விதிகள் உள்ளன. வருகிறவரை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆராய்வது பிறகு. வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் தங்கலாம். அங்கேயே தங்கிவிட விரும்பினால் தம் தொழிலைச் செய்து உண்ண வேண்டும். காசு கேட்டுக்கொண்டு வருகிற போதகரை நம்பக் கூடாது! சர்வரில் ஓராண்டாக இலவசமாகக் குடியிருக்கிறவர், மாதம் ஐம்பது ரூபாயோ, புகார்களைப் படிக்க வாரம் ஒரு மணி நேரமோ கொடுக்க முன்வருவதற்கு இதைவிடப் பழைய முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை புதியவரின் கடமைகளையே பேசினேன். இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

2022-இல் அமெரிக்காவிலிருந்து மாஸ்டடானுக்கு வந்த கறுப்பின மக்களில் பலர், தாங்கள் அனுபவித்த இனவெறியைப் பற்றி எழுதியபோது, 'இதையும் மூடிவைத்து எழுதுங்கள், எங்கள் மனம் சங்கடப்படுகிறது, இங்கே இதுதான் வழக்கம்' என்று பழையவர்களிடமிருந்து அறிவுரை பெற்றதாகச் சொன்னார்கள். அறிவுரை சொன்னவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கைக் குறிப்பு நல்ல வழக்கம் என்று சற்று முன்பு நானே எழுதினேன். ஆனால் அதே நல்ல வழக்கம், அடிபட்டவரை 'மெதுவாக அழு' என்று சொல்லும் கருவியாகவும் ஆகிவிடுகிறது.

'இங்கே இதுதான் வழக்கம்' என்ற சொல்லின் எடையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நம் மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் கீழுள்ள முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30-ஆம் நாள்தான் மாவட்ட ஆட்சியர், காவல் துறையினரின் பாதுகாப்போடு நுழைய முடிந்தது. அதுவரை சுமார் எண்பதாண்டுகள் அவர்களைத் தடுத்துவைத்திருந்தது எழுதப்பட்ட சட்டம் எதுவுமில்லை, வழக்கம்தான். அடுத்த வீட்டைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் இருப்பது முறையாகாது. 2008 மார்ச்சில் ஏறையூர் பங்கில், நம் மக்களுக்குள்ளேயே, சாதியின் பெயரால் எழுந்த கலவரம் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழக்கும் வரை போனது. அங்கும் தனிப் பாதையும் தனி இடமும் 'வழக்கம்' என்றே சொல்லப்பட்டன.

அதற்காக எவருக்கும் கதவைச் சாத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 2019 ஜூலையில் 'காப்' என்ற அமெரிக்கத் தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு அதே வலைக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிட்ஸ்பர்க் நகர யூதத் தொழுகைக்கூடத்தில் பதினொருவரைச் சுட்டுக்கொன்றவன், அதற்குச் சற்று முன்பு தன் வெறுப்பை எழுதிய இடம் அது. மென்பொருள் எல்லோருக்கும் பொது. எடுக்காதே என்று தடுக்க முடியாது. ஆனால் சர்வர்கள் பலவும் தனித்தனியே முடிவெடுத்து அத்தளத்தோடு தொடர்பை அறுத்துக்கொண்டன. அரசாணை வரவில்லை, தலைமையகமும் ஆணையிடவில்லை. இம்முடிவு சரியானதே என்பது என் கருத்து. தென்முடியனூரில் அடைக்கப்பட்ட கதவுக்கும் இந்தக் கதவுக்கும் வேறுபாடு உண்டு. அங்கே ஒருவர் யாராகப் பிறந்தார் என்பதற்காகக் கதவு அடைக்கப்பட்டது. இங்கே அவர் அடுத்தவருக்கு என்ன செய்தார் என்பதற்காக. சில நேரங்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினமாகவே இருக்கும். அதனால்தான் அங்கே விதிகளைப் பற்றி ஓயாமல் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் பதிவை எடுத்துக்காட்டி அதன்மேல் தம் கருத்தை எழுதும் வசதி, பிறரை அவமானப்படுத்தக் கூட்டம் சேர்க்கப் பயன்படுகிறது என்று பல ஆண்டுகள் அங்கே மறுக்கப்பட்டிருந்தது. இனக்கொடுமைகளைச் சுட்டிக்காட்ட அது எங்களுக்குத் தேவை என்று புதியவர்களில் பலர் வாதாடினார்கள். 2025-இல் அது வந்தது. தம் பதிவை யார் எடுத்தாளலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கும் ஏற்பாட்டோடு வந்தது. பழையவர்களின் அச்சமும் புதியவர்களின் தேவையும் இரண்டுமே கேட்கப்பட்டன.

நம் தமிழ் மக்கள் அங்கே போனால் எழும் சிக்கல் ஒன்று எனக்குக் கவலை தருகிறது. ஜெர்மனியிலோ கனடாவிலோ சர்வர் நடத்தும் நல்ல மனிதர் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் மற்றொருவரைத் தமிழில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினார் என்று புகார் போனால், அந்தச் சொல் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ஏதோ ஒரு தொழிலின் பெயராகவோ ஊர்ப் பெயராகவோதான் வரும். அதற்குள் இருக்கும் நூற்றாண்டுகளின் எச்சிலை அவர் எப்படி அறிவார்? தமிழ் தெரிந்தவர்கள் புகார்களைப் படிக்கும் இடம் வேண்டும். அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. அருகிலுள்ள விழுப்புரத்தில் இளைஞர்கள் பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுத்துவருகிறார்கள். 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே விளக்குகிறது. சர்வரை நிறுவத் தெரிந்த பிள்ளைகள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். இரவில் உட்கார்ந்து வசைகளைப் படித்து, இது கேலியா கொடுமையா என்று முடிவெடுக்கும் பொறுமையும் வயதும் உள்ளவர்கள்தான் அவர்களோடு சேர வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள் ஆகியோரை நான் மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

அதுவரை, வேறொருவர் நடத்தும் சர்வரில் சேர விரும்புகிற நம் இளையோர் கணக்குத் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. மாஸ்டடான் தன் இணையதளத்தில் பட்டியலிடும் சர்வர்கள், மூடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்பே அறிவிப்பதாகவும், நாள்தோறும் நகலெடுத்து வைப்பதாகவும், இனவெறி, பாலின வெறுப்பு போன்றவற்றை நீக்குவதாகவும் உறுதியளித்தவை. நீங்கள் சேரும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். உங்களைப் பின்தொடர்கிறவர்கள் உங்களோடு வருவார்கள். ஆனால், எழுதிய பழைய பதிவுகள் வராது. அவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடைபெறும் முன் அந்தச் சர்வரை நடத்தியவருக்கு இரண்டு வரி நன்றி எழுதிவிட்டுப் போங்கள்.